கல்லுக்குக் காப்பு

பேச்சியம்மா என்பது குலதெய்வத்தின் பெயர். பிறந்த குழந்தைக்கு வீட்டார் இட்ட பெயராகையால், இலக்கண முறைப்படி அதனை இடுகுறிப் பெயர் என்றே கொள்ள வேண்டும். ஆனால் அவளோடு சிறிது நேரம் நின்று கதைத்தவர்கள் யாவரும் அதனைக் காரணப் பெயர் என்றே தீர்மானித்தார்கள். அவளது கணவன் மாயாண்டி அரிசி ஆலையில் மூடை சுமப்பவன். 'ம்' என்னும் ஓர் எழுத்தைக் கொண்டு குடும்பம் நடத்தியவன். வீட்டுக்கு உரிய ஏனைய எழுத்துகள் எல்லாவற்றையும் பேச்சியம்மாவே பயன்படுத்தினாள்.

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கொழுந்து பறித்து, மணமுடித்து, 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர்கள் அவர்கள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரத்தில், ஒரு துண்டு நிலமும் குடிசை போடத் தடியும் கிடைத்தன. சோளம் முற்றும் பருவம் வந்தபோது யானையும் வந்தது. சோளத்தைத் தின்றது, போகும்போது குடிசையையும் சாய்த்துவிட்டுப் போனது. மீண்டும் கட்டினார்கள்; மீண்டும் சாய்த்தது.

"சோளத்தைத் தின்னா தின்னுட்டுப் போகட்டும். குடிசைக்குள்ள என்னா இருக்குன்னு செவுத்தைத் தள்ளித் தள்ளிப் பாக்குது? நாங்க என்னத்த ஒளிச்சு வச்சிருக்கோம்?" என்று பேச்சியம்மா யானையின் நடத்தையை ஊர் முழுவதும் விமர்சித்தாள். விமர்சனம் யானைக்கு எட்டவில்லை. ஆகவே கணவனும் மனைவியும் வேலை தேடி வவுனியாவுக்கு வந்தார்கள்.

வவுனியாவுக்கு வடக்கே, கண்டி வீதியோரத்தில், சிற்றம்பலம் என்பவருக்கு, அவர் குடியிருந்த வளவுக்குள்ளேயே, ஓர் அரிசி ஆலையும் ஒரு விருந்தினர் விடுதியும் இருந்தன. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலிருந்து நீர்ப்பாசனக் குடியேற்றத்துக்கு வந்து, வயல் செய்து, ஆலை வைத்து உயர்ந்தவர் அவர். அவருக்கு இரண்டு பற்றுகள் இருந்தன. ஒன்று, தூய தமிழ். தலைபோகிற வேலையிலும் ஆங்கிலச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார். கோபம் வந்தால் மட்டும் தூய தமிழ் விலகி, தென்மராட்சிப் பேச்சு வெளிப்படும். மற்றது, சுற்றுலா. நாட்டின் கதவு வெளிநாட்டுப் பொருளுக்குத் திறந்துவிட்டதால் வெளிநாட்டாரும் வருவார்கள், வந்தால் யாழ்ப்பாணம் பார்க்கப் போவார்கள், போகும் வழியில் வன்னியின் வெயிலில் அவர்களுக்கு வியர்க்கும், வியர்த்தால் குளிப்பார்கள். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாக அனுமானித்து, விடுதியின் பின்புறத்தில் நீச்சல் தடாகம் ஒன்றைக் கட்டுவித்தார். அனுமானத்தில் ஒரு பிழையும் இல்லை. வெளிநாட்டார் வந்தார்கள், அவர்களுக்கு வியர்த்தது, ஆனால் வாகனத்தை நிறுத்தாமல் போய்விட்டார்கள்.

தடாகத்தைப் பராமரிக்க ஆள் வேண்டியிருந்தது. பேச்சியம்மாவை அழைத்து அவர் நேர்முகமாக வினவினார்.

"நீச்சல் தடாகம் பராமரித்த முன்னனுபவம் உண்டா?"

"தடாகம்னா என்னாங்க அய்யா?"

"நீந்திக் குளிக்கும் குளம்."

"அட, தொரை பங்களாக் கொளம்! அதைத்தான் இப்புடிச் சொல்றீங்களா? தோட்டத்துல எத்தினி வருசம் பாத்தேங்க! எல தழை விழுந்தா என்னா செய்யணும், பாசி புடிச்சா என்னா செய்யணும், எல்லாம் பாத்திருக்கேன்."

'பார்த்தல்' என்னும் தொழிற்பெயர் தமிழில் பராமரித்தலையும் குறிக்கும். வெறுமனே கண்ணால் காண்பதையும் குறிக்கும். சிற்றம்பலம் முதற்பொருளைக் கொண்டார். பேச்சியம்மா சொன்னது இரண்டாவது. கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் நிற்கும்போது, வேலிக்கு அப்பால் துரையின் குளமும், அதில் வலை வைத்து இலை அள்ளும் வேலைக்காரனும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பொய் சொல்லவில்லை, கூட்டிச் சொல்லவுமில்லை. வேலை கிடைத்தது. அதனோடு, தண்ணீர் இறைக்கும் இயந்திரக் கொட்டிலை ஒட்டினாற்போல் கல்லால் கட்டி ஓடு வேய்ந்த ஓர் அறையும் கிடைத்தது.

பேச்சியம்மாவுக்குச் சம்பளத்தைவிட அந்த அறையே பெரிது. முதல்நாள் சுவரில் முதுகை வைத்துப் பலங்கொண்ட மட்டும் தள்ளிப் பார்த்தாள். சுவர் அசையவில்லை. "இனிமே ஆனை வந்தாலும் ஆனைக்குத்தான் முதுகு வலிக்கும்" என்றாள். மாயாண்டி "ம்" என்றான்.

தடாகத்தைச் சுற்றிலும் கருங்கற் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. குடியேற்றத்துப் பிள்ளையார் கோயிலுக்கு மூலவரைக் கொத்திய அதே பாறையில், அதே சிற்பி வெட்டித் தந்த கற்கள். புதிதில் அவை மழைமேகம்போலக் கறுத்து, தடாகத்தின் நீலத்துக்கு நல்ல எல்லையாய் இருந்தன. அந்தக் கருமையைக் காட்டியே சிற்றம்பலம் விருந்தினரிடம் பெருமை பேசுவார். விருந்தினர் இல்லாத நாட்களில் ஆலைக்கு நெல் கொண்டுவருவோரிடம் பேசுவார்.

இரண்டு கோடைக்குள் கருமை போய்விட்டது. வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுதி. குளிப்பவர் இல்லாவிட்டாலும், காகமும் குரங்கும் அந்தத் தண்ணீரைக் கரையில் தெளித்துக்கொண்டே இருந்தன. தெளித்த நீர் வெயிலில் காய்ந்தபோதெல்லாம் வெள்ளையாய் ஒரு படை கல்லில் தங்கியது. போதாக்குறைக்குப் பேச்சியம்மா குளோரின் தூளைத் தடாகத்தில் இடும்போது, கோயில் ஐயர் திருநீறு வழங்குவதுபோலக் கரையெங்கும் தாராளமாகச் சிந்தினாள். மழைமேகமாயிருந்த கற்கள் சோற்றுக் கஞ்சி காய்ந்த பானையடி போலாயின.

இந்த நிலையில்தான் கொழும்பிலுள்ள பயண முகவர் நடராசா என்பவர் வன்னிக்கு வருவதாகச் செய்தி வந்தது. யாழ்ப்பாணம் போகும் வெளிநாட்டாரின் வாகனங்களை வழியில் எந்த விடுதியில் நிறுத்துவது என்று முடிவுசெய்பவர் அவர். வெள்ளிக்கிழமை வந்து தடாகத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை காலை, தடாகக் கரையில் சிற்றம்பலத்துக்கும் அவர் மனைவி இராசேஸ்வரிக்கும் உரையாடல் நடந்தது. பேச்சியம்மா இலை அள்ளும் வலைத்தடியோடு அருகிலேயே நின்றாள்.

"இஞ்சருங்கோ, நான் எத்தினை தரம் சொல்லிப்போட்டன். உந்தக் கிடங்கை மண் போட்டு மூடுங்கோ. நாலு கத்தரியாவது வைக்கலாம்."

"கிடங்கு அன்று. தடாகம்."

"என்ன பேர் வைச்சாலும் அதுக்கை தவளைதான் நீந்துது."

"நாளை முகவர் வருகிறார். அவர் நிறைவடைந்தால் தடாகம் இருக்கும். அவர் முகம் சுளித்தால், நீர் விரும்பியபடியே மண்ணிட்டு நிரப்பிவிடுகிறேன். போதுமா?"

"சத்தியமோ?"

"சத்தியம்."

பேச்சியம்மாவின் கையிலிருந்த வலைத்தடி தண்ணீரில் விழுந்தது. தடாகம் மூடப்பட்டால் அவளது வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அறை இல்லை. அறை இல்லையென்றால் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு குடிசையும், அதன் சுவரில் தனிப்பட்ட அக்கறை கொண்ட ஒரு யானையும்.

சிற்றம்பலம் அவளிடம் திரும்பினார். "பேச்சியம்மா, இந்த வெண்படிவம் முழுவதையும் இன்றே அகற்று. அகற்றியபின் கல்லுக்குக் காப்பு இடவேண்டும். காப்பு இட்டால்தான் கல் நிறம் பெறும், மீண்டும் மங்காது. விளங்கியதா?"

"வெளங்குச்சுங்க அய்யா!"

அவர் பட்டினத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

வெண்படிவம் எளிதில் விடவில்லை. பேச்சியம்மா முதலில் சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். கல்லோடு சாம்பலும் சேர்ந்து வெளுத்தது. மணலைப் போட்டுத் தேய்த்தாள். கை சிவந்தது, கல் அப்படியே இருந்தது. தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்தாள். மட்டை தேய்ந்தது. குசினி வாசலில் நின்று இதனைப் பார்த்துக்கொண்டிருந்த இராசேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. தடாகத்தின்மீது அவருக்கு வெறுப்பு உண்டு. ஆனால் தவறாகத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

"பேச்சி! விசரே உனக்கு? என்ரை கேத்தலுக்கையும் உந்த வெள்ளைதான் பிடிக்கிறது. பழம்புளியைக் கரைச்சு ஊத்தி ஊறவிடு. பிறகு தேய்."

ஆலையின் களஞ்சியத்தில் விலைபோகாத பழம்புளி ஒரு மூடை கிடந்தது. மாயாண்டி அதனைச் சுமந்து வந்தான். கரைத்து ஊற்றியதும் கற்களிலிருந்து சிறு குமிழிகள் எழுந்தன. "கல்லுக்கு வாயூறுதுங்க அம்மா!" என்று பேச்சியம்மா கூவினாள். ஊறவைத்துத் தேய்த்துக் கழுவியபோது வெண்மை வழிந்தோடியது; ஈரக் கற்கள் பழையபடி கறுத்து நின்றன. ஆனால் வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் மீண்டும் சாம்பல் பூத்த நிறமே தெரிந்தது. படை போய்விட்டது, கருமை வரவில்லை. அதற்குத்தான் அய்யா காப்பு இடச் சொன்னார் என்று பேச்சியம்மாவுக்குத் துலங்கியது.

காப்பு என்றால் என்ன? அவள் முறைப்படி ஆராய்ந்தாள். கையில் அணிவது காப்பு. கல்லுக்குக் கை இல்லை. திருவிழாவுக்கு மஞ்சள் நூலில் கட்டுவது காப்பு. கல்லுக்கு மணிக்கட்டும் இல்லை. எஞ்சியது ஒன்றே. கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன்னர், ஊர்ச் சனமெல்லாம் வரிசையில் நின்று அறுகம்புல்லால் சாமியின் திருமேனியில் எண்ணெய் தொட்டு வைப்பார்களே, எண்ணெய்க்காப்பு, அது கல்லுக்கே உரியது. கோயிலில் எண்ணெய் வைத்த சாமிகள் எவ்வளவு கருமையாய் மின்னின! காப்பு இட்டால் கல் நிறம் பெறும் என்று அய்யா சொன்னதும் பொருந்தியது. ஆராய்ச்சியில் குறை ஒன்றும் இல்லை.

இதே வேளை, வவுனியாக் கடைத்தெருவில், சிற்றம்பலம் ஏரம்புவின் கடைக்குள் நின்றார். ஆணி, சீமெந்து, பெயின்ற் எல்லாம் விற்கும் கடை அது. மரத்துக்கும் கல்லுக்கும் பூசும் 'சீலர்' என்னும் திரவமும் அங்கே வரும். அந்தப் பெயர் சிற்றம்பலத்துக்குத் தெரியும். சொல்லத்தான் மனம் இடம்தரவில்லை. சீலர் என்பது தமிழில் ஒழுக்கம் உடையோரைக் குறிக்கும் சொல். அத்தகையோரைத் தகரத்தில் அடைத்து விலைக்குக் கேட்பது அவருக்குச் சரியாகப்படவில்லை.

"கற்காப்பு வேண்டும்" என்றார்.

ஏரம்புவுக்கு ஒரு காது சற்று மந்தம். "கல்லுக்காப்போ?"

"ஆம். கல்லுக்கான காப்பு. தரமானதாக இருக்கவேண்டும்."

"அண்ணை, கல்லு வைச்ச காப்பு என்ரை கடையிலை ஏது? எதிர்ப்பக்கம் நகைக்கடைக்குப் போங்கோ. செவ்வந்திக்கல்லோ, பச்சைக்கல்லோ?"

"கருங்கல்."

ஏரம்பு அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கருங்கல்லு வைச்ச காப்பை ஆரண்ணை போடுவினம்? கையல்லோ நோகும்."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுள் ஒருத்தி விமலேஸ்வரி. குடியேற்றத்தில் சிற்றம்பலத்தின் வளவுக்கு அயலில் இருப்பவள். கதவுப் பிணைச்சல் வாங்க வந்தவள். மற்றவர்கள் சிரித்ததால் அவளும் சிரித்தாளேயன்றி, கடைசிப் பகுதி அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் 'கல்லுக்காப்பு', 'நகைக்கடை', 'பச்சைக்கல்' என்பவையே. அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவள் ஊர் திரும்பினாள். பிணைச்சல் வாங்க மறந்துவிட்டாள்.

"அக்கா! உங்கடை அவர் கடை கடையாய் ஏறிக் கல்லுக்காப்புக் கேட்டுத் திரியிறார். தரமானதாய் வேணுமாம்!"

இராசேஸ்வரி சோற்று அகப்பையைக் கீழே வைத்தார். கல்யாணமான நாள் தொட்டு அவர் கேட்டுக்கொண்டிருந்த பொருள் அது. கேட்கும்போதெல்லாம் தடாகம், இயந்திரம், நீலநிற ஓடு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும்.

"உவரோ? எனக்கோ? சும்மா கதை விடாதை விமலா."

"பிள்ளையார் சத்தியமாய் அக்கா. என்ரை காதாலை கேட்டனான்."

சரியாக அந்த நேரத்தில் பேச்சியம்மா குசினி வாசலுக்கு வந்தாள். "அம்மா, அய்யா காப்பு வைக்கச் சொல்லிட்டுப் போனாருங்க. கல்லு தயாரா இருக்கு. நல்லெண்ண வேணும்."

"கல்லுக்கோ?"

"ஆமாங்க. கல்லுக்குக் காப்பு வைன்னு வாயால சொன்னாருங்க. அம்மாவும் பக்கத்துலதானே நின்னீங்க?"

இராசேஸ்வரி நின்றது உண்மை, கேட்டதும் உண்மை. "ஓம், சொன்னவர்தான். ஆனால் மனிசர் நடக்கிற கல்லுக்கு ஆரும் எண்ணெய்க்காப்பு வைப்பினமே?"

"தோட்டத்துல தொரை பங்களாக் கொளத்துக்கே வருசா வருசம் வப்பாங்க!" என்றாள் பேச்சியம்மா. இதுமட்டும் பொய்.

விமலேஸ்வரி இடையில் புகுந்தாள். "அக்கா, எங்கடை பிள்ளையாரும் இந்தப் பாறையிலைதானே கொத்தினது? பிள்ளையார் ஒரு பக்கத்துண்டு, இது மற்றப் பக்கத்துண்டு. ஒரே உடம்பு!"

அவள் இவ்வாறு வாதிட ஒரு காரணம் இருந்தது. கோயில் கும்பாபிஷேகத்தின்போது அவள் வீட்டில் துடக்கு, கோயில் வாசலை மிதிக்கக்கூடாத தீட்டு. ஊரெல்லாம் எண்ணெய்க்காப்பு வைத்தபோது அவள் படலையைப் பிடித்துக்கொண்டு வீதியில் போவோரைப் பார்த்து நின்றாள். அந்தக் குறை இன்னும் ஆறவில்லை.

இராசேஸ்வரியின் மனம் அன்று இளகிய மனம். மனைவிக்கும் காப்பு, கல்லுக்கும் காப்பு என்று ஒரே நாளில் எண்ணுகிற மனிதனைப் பற்றித் தாம் இதுவரை குறைவாக மதிப்பிட்டுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அறைக்குள் போய், தைப்பொங்கலுக்கென்று செக்கில் ஆட்டி வைத்த நல்லெண்ணெய்த் தகரத்தைத் தாமே தூக்கி வந்தார். "கால் முகம் கழுவிப்போட்டு வா, பேச்சி. எண்ணெய்க்காப்பெண்டால் முறையாய்ச் செய்யவேணும்."

விமலேஸ்வரி அறுகம்புல் பிடுங்கி வருவதாகப் போனாள். வரும்போது புல்லோடு அயலும் வந்தது. ஆளுக்கொரு சிறு போத்தலில் எண்ணெய் கொண்டு பெண்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்தார்கள். எந்தக் கோயில், எந்தச் சாமி என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. எண்ணெய்க்காப்பு என்ற சொல் போதுமானதாக இருந்தது. தலைக் கல்லில் இராசேஸ்வரி முதல் எண்ணெய் தொட்டு வைத்தார். பிறகு எல்லாரும் முழங்காலில் இருந்து, புல்லைத் தோய்த்து, கல்லுக்குக் கல் நகர்ந்தார்கள். கற்கள் எண்ணெயை உறிஞ்சின; உறிஞ்ச உறிஞ்சக் கறுத்தன. மேலும் வைத்தார்கள். பேச்சியம்மா இடுப்பில் கைவைத்து நின்று, "அந்த மூலையில இன்னும் கொஞ்சம், தாயி! கஞ்சத்தனம் பண்ணாதீங்க!" என்று மேற்பார்வை செய்தாள். பிற்பகல் வெயில் பட்டபோது தடாகத்தின் நான்கு கரையும் மூலஸ்தானம்போல மின்னின.

பட்டினத்தில், நகைக்கடை வரை போய்த் திரும்பிய சிற்றம்பலம், வேறு வழியின்றி ஏரம்புவின் காதருகே குனிந்து, "சீலர்" என்று மெல்லச் சொன்னார்.

"அட, சீலரோ! முதலே உப்பிடிச் சொல்லியிருந்தால் சாமான் இருந்தது அண்ணை. இப்பதான் ஒருத்தர் கடைசித் தகரத்தை எடுத்துக்கொண்டு போறார்."

அவர் வெறுங்கையோடு வெளியே வந்தபோது புகையிரத நிலையப் பக்கமாக வந்த வாடகைக் கார் ஒன்று அவருக்கு அருகில் நின்றது. வெள்ளைக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஒருவர் தலையை நீட்டினார். முகவர் நடராசா ஒரு நாள் முந்தி வந்துவிட்டார். "மிஸ்டர் சிற்றம்பலம் வீட்டுக்கு வழி எது?" என்று அவர் கேட்டது சிற்றம்பலத்திடமே.

இருவரும் ஒரே காரில் வந்தார்கள். வழி நெடுகச் சிற்றம்பலம், தடாகக் கரை தற்போது திருத்தப்பட்டு வருகிறது என்றும், சற்றே பொறுத்தருள வேண்டும் என்றும் விண்ணப்பித்துக்கொண்டு வந்தார். கார் விடுதியின் பின்புறம் போய் நின்றதும் அவருடைய விண்ணப்பம் நின்றது. அவர் கனவில் மட்டும் கண்ட கருமை கண்முன் விரிந்து கிடந்தது. அதன்மேல் இருபுறமும் பெண்கள் புல்லும் கையுமாக முழங்காலில் இருந்தார்கள்.

"வெரி நைஸ்!" என்றார் நடராசா. "வரவேற்பெல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறியள். இதைத்தான் ஃபொரினேர்ஸ் தேடுறவை. கல்ச்சர்!" சொல்லிக்கொண்டே அவர் சப்பாத்துக் காலோடு கல்லில் ஏறினார்.

"அய்யா! அய்யா! சப்பாத்தோட வராதீங்க!" என்று பேச்சியம்மா அலறினாள். எண்ணெய்க்காப்பு வைத்த கல்லில் சப்பாத்து மிதிப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

நடராசா பண்புள்ளவர். "ஓ, சொறி" என்று மன்னிப்புக் கேட்டு, நின்ற இடத்திலேயே சப்பாத்தைக் கழற்ற முற்பட்டார். வலது காலைக் கல்லில் ஊன்றினார். இடது காலைத் தூக்கி, உடலுக்குக் குறுக்காக வலப்புறம் கொண்டுவந்தார். ஊன்றிய கால் எண்ணெயில் மெல்லச் சுழலத் தொடங்கியது. கைகள் இரண்டும் தாமாகவே விரிந்தன. அவருடைய பெயரை அந்த நேரத்தில் நினைவூட்டுவது மரியாதையாகாது. ஆனால் கரையிலிருந்த பெண்கள் அனைவருக்கும் அது நினைவு வந்தது. விமலேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டேவிட்டாள். மறுகணம் அவர் தடாகத்தில் விழுந்தார்.

"புடிச்சுக்கங்க!" என்று பேச்சியம்மா வலைத்தடியை நீட்டிக்கொண்டு ஓடினாள். ஓடியது அவள் சிறப்பாகக் காப்பிட்ட மூலையில். அவளும் விழுந்தாள். நீருக்குள்ளிருந்து இருவரும் ஒரே தடியைப் பற்றிக்கொண்டு எழுந்தார்கள்.

"அய்யோ, எனக்கு நீச்சல் தெரியாதுங்க!"

"எனக்கும் தெரியாது!" என்றார், நீச்சல் தடாகங்களைப் பார்வையிட்டுச் சான்று வழங்கும் முகவர்.

கரையிலிருந்து அவர்களைத் தூக்க வந்தவர்கள் ஒவ்வொருவராய்ச் சறுக்கிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் ஆலையிலிருந்து மாயாண்டி வந்து சேர்ந்தான். நிலைமையைப் பார்த்தான். வன்னிக்கு வந்தபின் அவன் பேசிய மிக நீண்ட வாக்கியத்தைப் பேசினான்:

"நெஞ்சளவுதான். எந்திரிச்சு நில்லுங்க."

எழுந்து நின்றார்கள். நெஞ்சளவுதான்.

தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்ததால் நடராசா வெளியே வரும்போது கற்களைப் போலவே மின்னினார். சிற்றம்பலத்தின் வேட்டி ஒன்றை உடுத்துக்கொண்டு, கழுத்துப்பட்டியைப் பிழிந்தபடி, அவர் தீர்ப்புச் சொன்னார். "மிஸ்டர் சிற்றம்பலம், கல்லு நல்ல வடிவு. தண்ணியும் நல்ல குளிர்மை. ஆனால் இங்கை ஒரு வெள்ளைக்காரனையும் நான் அனுப்பமாட்டன். அவங்கள் வெறுங்காலோடை வாறவங்கள்." வாடகைக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

சிற்றம்பலத்தின் தூய தமிழும் அதனோடு போயிற்று.

"ஆரடி உனக்குக் கல்லுக்கு எண்ணெய் பூசச் சொன்னது? தொரை பங்களாவிலை குளம் பாத்தனான் எண்டியே! பாத்தவளுக்கு நீந்தத் தெரியாதோ?"

"பாத்தேன்னுதான் சொன்னேன் அய்யா. நீந்தினேன்னு சொல்லலீங்களே."

"போதும்! நாளைக்கே மண் பறிச்சு மூடுறன். நீயும் மாயாண்டியும் மூட்டையைக் கட்டுங்கோ!"

பேச்சியம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஈரச் சேலையோடு, இயந்திரக் கொட்டிலை ஒட்டிய அந்த ஓட்டு அறையைத் திரும்பிப் பார்த்தாள், மீண்டும் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் நின்றதை அந்த ஊர் அன்றுதான் கண்டது. மாயாண்டிகூடப் பயந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஒருத்தரும் ஒண்டும் மூடத் தேவையில்லை" என்றது ஒரு குரல். இராசேஸ்வரியின் குரல்.

சிற்றம்பலம் தம் காதை நம்பவில்லை. "நீர்தானே இவ்வளவு நாளும் மூடு மூடெண்டு நிண்டனீர்? காலமையும் சத்தியம் வாங்கினனீர்!"

"அது எண்ணெய்க்காப்பு வைக்கமுந்தி. இப்ப என்ரை கையாலை முதல் எண்ணெய் வைச்சிருக்கிறன். அயலுக்குள்ள எல்லாரும் வைச்சிருக்கினம். காப்பு வைச்ச கல்லுக்கு மேலை மண் கொட்டுவியளோ? கொட்டிப்போட்டு இந்த வளவிலை ஒரு வாய் சோறு நிம்மதியாய்த் தின்னுவியளோ?"

"இது நிலத்திலை பதிச்ச கல்லப்பா! சாமியில்லை!"

"பிள்ளையார்ரை மற்றப் பக்கத்துண்டு அண்ணை" என்று விமலேஸ்வரி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எண்ணெய்ப் போத்தல்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் நின்ற விதத்தில், மண் கொட்டும் லொறி எதுவும் அவர்களைத் தாண்டிப் போகமுடியாது என்பது சிற்றம்பலத்துக்கு விளங்கியது. ஆயினும் அவர் இறங்கிவரவில்லை.

"என்ரை காணி. என்ரை தடாகம். நான் மூடத்தான் போறன்."

"சரி" என்றார் இராசேஸ்வரி, மிக அமைதியாக. "அப்ப, காப்பு எங்கை?"

"என்ன காப்பு?"

"கல்லுக்காப்பு. காலமை முழுக்கக் கடை கடையாய்க் கேட்டனீங்களாம். பச்சைக்கல்லோ, செவ்வந்திக்கல்லோ எண்டு கதைச்சனீங்களாம். எங்கை, கையை நீட்டட்டோ?"

சிற்றம்பலம் விமலேஸ்வரியைப் பார்த்தார். விமலேஸ்வரி வானத்தைப் பார்த்தாள். கற்காப்பு என்று கேட்டதையும், அதை ஏரம்பு எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதையும் அவர் விளக்கத் தொடங்கினார். விளக்கம் முன்னேற முன்னேற, மனைவியின் கண்களில் நீர் தேங்குவதையும், பெண்களின் பார்வை கல்லாகிவருவதையும் கண்டார். கல்யாணமான நாள் தொட்டு ஒருத்தி கேட்ட காப்பை, ஒரு மனிதன் கருங்கல்லுக்கு வாங்கப் போயிருக்கிறான் என்பதே அவர்களுக்குப் புரிந்தது.

இராசேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, விடுங்கோ. காப்பைப் பற்றி நான் இனி வாய் திறக்கமாட்டன். ஆனால் கல்லிலை மண் விழக்கூடாது. மண் விழுந்தால் காப்புக் கேப்பன். ஒவ்வொரு நாளும் கேப்பன்."

சிற்றம்பலம் ஆலை நடத்துபவர். எது கட்டும், எது கட்டாது என்று அறிந்தவர். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"தடாகம் இருக்கட்டும்" என்றார், தூய தமிழுக்குத் திரும்பி.

"இருக்கிறதெண்டால் இந்த எண்ணெயை எடுக்கவேணும்" என்றார் இராசேஸ்வரி. "இல்லாட்டில் நான்தான் அடுத்ததாய் விழுவன். சீயாக்காயும் தேசிக்காயும் போட்டு, தலை முழுகிற மாதிரிக் கல்லுக்கல்லாய் முழுக வாக்கவேணும். ஒரு நாளிலை முடியிற வேலையில்லை. பேச்சியை அனுப்பிப்போட்டு ஆரை வைச்சுச் செய்விப்பியள்? விமலாவையோ?"

விமலேஸ்வரி, பிணைச்சல் வாங்க மறந்தது அப்போதுதான் நினைவு வந்தவளாய், அவசரமாகப் படலையை நோக்கி நடந்தாள்.

சிற்றம்பலம் கரையோரமாக, கல்லைத் தொடாமல் புல்லின்மேல் நடந்து, பேச்சியம்மாவின் முன் வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேச்சியம்மா. நீங்கள் இருவரும் இங்கேயே இருக்கலாம்."

பேச்சியம்மா மாயாண்டியின் தோளில் சாய்ந்து ஒரு மூச்சு அழுதாள். அழுது முடிந்ததும் மூக்கைச் சிந்தினாள், வாய் திரும்பிவிட்டது. "நாளைக்குக் காலையிலயே ஆரம்பிச்சிர்றேங்க அய்யா. சீயக்காய எங்க ஊருல எப்புடிக் காய்ச்சுவாங்கன்னா..."

"ஒன்று மட்டும்" என்று சிற்றம்பலம் கையை உயர்த்தினார். "இனிமேல் நான் சொல்வது விளங்காவிட்டால், தயவுசெய்து என்னிடம் கேள்."

பேச்சியம்மா உண்மையிலேயே திகைத்துப்போனாள்.

"வெளங்குச்சுங்களே அய்யா. வெளங்குனதாலதானே செஞ்சேன்!"